கையொப்பமும் ஒரு வழிபாடே

மனிதன் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பணியிடத்திலேயே கழிகிறது. காலையில் அரைமணி நேரம் பூஜையறையில் அமர்ந்து எழுகின்ற அன்பர், அதன்பின் எட்டு அல்லது பத்து மணி நேரம் கோப்புகளோடும் கணக்குகளோடும் இயந்திரங்களோடும் சக ஊழியர்களோடும் வாழ்கிறார். அந்த அரைமணி நேரம் மட்டும் ஆன்மிகம், மற்றவை வெறும் பிழைப்பு என்று வகுத்துவிட்டால், வாழ்வின் மிகப்பெரிய பகுதி இறைவனுக்குச் சம்பந்தமில்லாததாகிவிடும். 'தொழில் வேறு, தெய்வம் வேறு' என்ற பேச்சு எவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்படுகிறதோ, அவ்வளவு ஆபத்தானது. பணியிடத்தில் நேர்மை தளர்வதற்கு முதல் வாசல் இந்தப் பிரிவினைதான்.

அதிகாலையில் பூக்களைத் தொட்டு அர்ச்சனை செய்த அதே விரல்கள்தாம் பிற்பகலில் ஓர் ஆவணத்தில் கையொப்பமிடுகின்றன. அர்ச்சனையைக் கண்ட இறைவன் கையொப்பத்தைக் காணமாட்டானா? இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்பவருக்கு அலுவலகமும் ஒரு சாதனைக் களமாகிவிடுகிறது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கோ அது இன்னும் கடினமான களம். ஏனெனில், அவருடைய ஒரு கையொப்பத்தின் கீழ் பலருடைய வாழ்வு இருக்கிறது.

மூன்று சொற்கள், ஒரு நேர்கோடு

சத்தியத்தைக் குறிக்கத் தமிழில் மூன்று அழகிய சொற்கள் உள்ளன: உண்மை, வாய்மை, மெய்மை. உள்ளத்தால் பொய்யாதிருப்பது உண்மை. வாயால் பொய்யாதிருப்பது வாய்மை. மெய்யாகிய உடலால், அதாவது செயலால் பொய்யாதிருப்பது மெய்மை என்று பெரியோர் விளக்கம் கூறுவர். வடமொழி நூல்கள் இதனைத் திரிகரணசுத்தி என்று வழங்குகின்றன. நினைவும் சொல்லும் செயலும் வளையாமல் ஒரே கோட்டில் நிற்கும்போது அது 'நேர்'மை ஆகிறது. மூன்றில் ஒன்று விலகினாலும் கோடு கோணலாகிவிடும்.

உயர்ந்தோர் எனக் கருதப்படுபவரின் நடத்தையே மற்றவர்களுக்கு அளவுகோலாகிறது என்பது கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு நினைவூட்டும் கருத்து. இதன் பொருளைப் பணியிடத்தில் தெளிவாகக் காணலாம். நிறுவனத்தின் நன்னடத்தைக் கோட்பாடுகள் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கலாம். புதிதாகச் சேரும் இளைஞன் அதனை ஒருமுறை படிப்பான். ஆனால், தன் மேலாளர் எந்தச் செலவுச் சீட்டில் கையொப்பமிடுகிறார், எந்தக் குறையைக் கண்டும் காணாமல் விடுகிறார், கெட்ட செய்தி கொண்டுவருபவரை எப்படி நடத்துகிறார் என்பதை அவன் நாள்தோறும் படிக்கிறான். அவன் உண்மையில் பின்பற்றுவது இந்த இரண்டாவது பாடத்தையே.

பொன்மானும் போலிக் கணக்கும்

2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் இந்தியத் தொழில் உலகம் அதிர்ந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குகள் பொய்யானவை என்று ஒப்புக்கொண்டார். ஏடுகளில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்த தொகை 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி ரூபாய் எங்குமே இல்லை. ஒரு காலாண்டின் இயக்க இலாபம் 649 கோடி ரூபாய் என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 61 கோடி மட்டுமே. 'சத்யம்' என்று பெயர் தாங்கிய நிறுவனம் அது. சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான விருதொன்றை முந்தைய ஆண்டிலேதான் அது பெற்றிருந்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு விஷயம் ஆன்மிக சாதகர்கள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. உண்மையான இலாபத்துக்கும் காட்டப்பட்ட இலாபத்துக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த இடைவெளி சிறியது. அது ஆண்டுதோறும் வளர்ந்து, கட்டுக்கடங்காமல் போயிற்று என்பதே அதன் சாரம். ஒரே நாளில் எவரும் 5,040 கோடி ரூபாய்க்குப் பொய் சொல்வதில்லை. ஒரு காலாண்டில் ஒரு சிறு பொய். அடுத்த காலாண்டில் அதைக் காப்பாற்ற இன்னொன்று. பொய் கடனைப் போன்றது. அசல் சிறிதாக இருந்தாலும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹைதராபாத்திலுள்ள தனி நீதிமன்றம் ராஜுவையும் மேலும் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது அந்தத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

தலைவர் ஒருவர் மட்டுமே நினைத்து இத்தகைய பொய்யை நிறைவேற்ற முடியாது. போலியான விலைப்பட்டியல்களும் போலியான வங்கி ஆவணங்களும் தாமாக உருவாவதில்லை. திறமைசாலிகள் சிலர், செய்வது தவறு என்று அறிந்தே, தம் திறமையை அதற்குக் கொடுத்தாக வேண்டும். இராமாயணத்தில் அத்தகைய திறமைசாலி ஒருவன் உண்டு. அவன் பெயர் மாரீசன்.

மாரீசனை வெறும் கொடியவன் என்று ஒதுக்கிவிட முடியாது. விசுவாமித்திரரின் வேள்வியில் இராமபாணத்தின் வலிமையை அனுபவித்தவன். அதன்பின் ஒதுங்கித் தவக்கோலத்தில் வாழ்ந்தவன். இராவணன் தன் திட்டத்தோடு வந்தபோது, இது குலநாசத்தில் முடியும் என்று எடுத்துச் சொன்னவனும் அவனே. அதாவது, அவன் உள்ளத்தில் உண்மை இருந்தது. 'மறுத்தால் கொல்வேன்' என்று இராவணன் மிரட்டியதும் அவன் பொன்மானாக வடிவெடுத்தான். அப்போது மெய்மை போயிற்று. அம்பு பட்டு விழும்போது இராமனின் குரலில் சீதையையும் இலக்குவனையும் கூவி அழைத்தான். அப்போது வாய்மையும் போயிற்று. உள்ளத்தில் உண்மையை வைத்துக்கொண்டு, உடலாலும் வாயாலும் பொய்யனாக மடிந்தவன் மாரீசன். 'எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிக்கொண்டு எண்களைப் பொன்மானாக மாற்றித் தருகின்ற எவரும் அவனுடைய நிலையில்தான் நிற்கிறார்.

அதே இராமாயணத்தில் ஜடாயுவும் உண்டு. முதுமையில் தளர்ந்த பறவை, இராவணனை வெல்ல முடியாது என்பதை அறிந்தே குறுக்கே நின்றது, சிறகிழந்து வீழ்ந்தது. மாரீசன், ஜடாயு ஆகிய இருவரின் மரணத்துக்கும் காரணம் ஒன்றே. எப்படியும் இறப்பது உறுதி என்று மாரீசனே கணக்கிட்டிருந்தான். அந்த மரணத்தைச் சத்தியத்தின் பக்கம் நின்று ஏற்றிருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. ஜடாயுவுக்கோ இராமன் தந்தைக்குச் செய்வதுபோல் இறுதிக்கடன் செய்தான்.

பலனில் பற்றின்மை என்பது என்ன?

பணியில் பொய் எங்கிருந்து பிறக்கிறது? பேராசையிலிருந்து என்று சொல்வது பாதி விடை மட்டுமே. பெரும்பாலும் அது அச்சத்திலிருந்து பிறக்கிறது: வெற்றியாளன் என்ற பெயர் போய்விடுமோ என்ற அச்சம். 'நான் செய்தேன், எனக்கே இந்தப் புகழ்' என்று விளைவோடு தன்னைப் பிணைத்துக்கொண்டவனால் கெட்ட விளைவைக் கெட்டது என்று அறிவிக்க முடியாது. விளைவு விழுந்தால் தானே விழுந்துவிட்டதாக அவன் உணர்கிறான். ஆகவே விளைவைத் திரித்துக் கூறுகிறான்.

கர்மயோகத்தின் மையமான உபதேசம் இங்கேதான் நடைமுறைக்கு வருகிறது. பலனில் பற்றின்மை என்றால் பலனைப் பற்றிய அக்கறையின்மை என்று சிலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். 'நடப்பது நடக்கட்டும்' என்ற மெத்தனத்துக்கு அதனைச் சாக்காக்குகின்றனர். உண்மையில், பலனில் பற்றற்றவன் பலனை உள்ளபடி காணும் வல்லமை பெற்றவன். தோல்வியைத் தோல்வி என்று சொல்வதற்கு அவனுக்கு நடுக்கமில்லை. ஆதலால் அதனைத் திருத்தவும் அவனால் முடிகிறது.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 அன்று முதன்முறையாக ஏவப்பட்டது. திட்டத்தின் பொறுப்பாளர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி ஒரு குறையைக் காட்டி ஏவுதலை நிறுத்தியது என்றும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டுத் தாமே கணினியைத் தவிர்த்து ஏவ முடிவு செய்ததாகவும் பின்னாளில் கலாம் பலமுறை கூறியுள்ளார். முதல் கட்டம் சரியாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து, பல ஆண்டுகளின் உழைப்பு வங்கக் கடலில் விழுந்தது.

அன்று செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன், கலாமை முன்னே தள்ளவில்லை. தாமே சென்று தோல்வியைத் தோல்வி என்று அறிவித்தார். பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். தம் குழுவினர்மீது நம்பிக்கை இருக்கிறது என்றும் கூறினார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று தவன் கலாமை அழைத்து, செய்தியாளர் கூட்டத்தை அவரே நடத்துமாறு சொன்னார்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் தவனின் பெருந்தன்மையைப் போற்றுவதோடு நின்றுவிடுவதுண்டு. அதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தவன் தம் குழுவைக் காத்தார், தவற்றைக் காக்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் என்ன நேர்ந்தது என்பது துருவி ஆராயப்பட்டது. குறை கண்டறியப்பட்டுச் சரி செய்யப்பட்டது. வெளியிலிருந்து வந்த பழியைத் தலைவர் தம் மார்பில் ஏற்றுக்கொண்டதால், உள்ளே இருந்தவர்கள் அஞ்சாமல் உண்மையைப் பேச முடிந்தது. பழிக்கு ஆள் தேடும் இடத்தில் ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வர். பிழை அங்கேயே தங்கிவிடும். பதினோரு மாதங்களில் கிடைத்த வெற்றிக்கு அன்றைய அந்த வாய்மையும் ஒரு காரணம் எனலாம்.

குற்றமும் பொறுப்பும்

'நான் தவறு செய்யவில்லையே, நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?' என்று கேட்பது ஊழியரின் நிலையில் நியாயமாகத் தோன்றலாம். தலைமையின் இலக்கணம் அதனினும் கடுமையானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலை, அரியலூருக்கு அருகே மருதையாற்றின் பாலம் வெள்ளத்தில் சேதமுற்று, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. சில வாரங்களுக்கு முன், செப்டம்பரில் மெஹபூப்நகரில் நிகழ்ந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் சாஸ்திரி மீண்டும் வலியுறுத்தினார், விலகல் ஏற்கப்பட்டது. விபத்துக்கு அவர் எவ்வகையிலும் காரணமல்லர் என்பதை நேருவே நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார்.

ஆற்றின் வெள்ளம் சாஸ்திரி செய்த குற்றமன்று. எனினும், ரயிலில் ஏறியவர்கள் ஒரு நிர்வாகத்தை நம்பி ஏறினார்கள். அந்த நம்பிக்கையின் முகவரி அவருடைய நாற்காலி. குற்றம் செயலைத் தேடிச் செல்லும். பொறுப்பு பதவியோடு சேர்ந்தே வரும். பதவியின் மரியாதையையும் ஊதியத்தையும் வாகனத்தையும் ஏற்றுக்கொண்டு, பொறுப்பை மட்டும் கீழே உள்ளவரிடம் தள்ளிவிடுவது ஒருவகைக் களவே ஆகும். ஆற்றில் விழுந்த உயிர்களைப் பதவி விலகல் மீட்டுத் தராது என்பது மெய்தான். நாற்காலியைவிட மனித உயிர் பெரிது என்று அந்தச் செயல் நாட்டுக்குச் சொன்னது. அதனாலேயே அது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

கேட்கும் செவியும் காக்கும் கையும்

நேர்மையைப் பற்றிப் பேசுவோர் அதன் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டின் கோடெர்மா பகுதியில் பணியாற்றினார். பணிகளில் நடந்த முறைகேடுகளை விவரித்து 2002-ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதமோ அவருடைய அடையாளத்தோடு மேசை மேசையாகப் பயணம் செய்தது. 2003-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் அதிகாலையில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நிகழ்ந்த கொலை என்று புலனாய்வு கூறியது. 2010-ஆம் ஆண்டு மூவர் தண்டிக்கப்பட்டனர். கொலையின் காரணம் பற்றி மாறுபட்ட கருத்துகள் நிலவினாலும் ஒன்றில் ஐயமில்லை: உண்மையைச் சொன்னவர் கேட்டது பெயரை மறைக்கும் ஒரு சிறு பாதுகாப்பு, அது அவருக்குக் கிடைக்கவில்லை. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கான சட்டம் 2014-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

மகாபாரதத்தில் திருதராஷ்டிரன் உறக்கமில்லாத ஓர் இரவு முழுவதும் விதுரனிடம் நீதி கேட்கிறான். விதுரன் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறான். சொல்வதெல்லாம் சரியே என்று மன்னனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் துரியோதனனைக் கண்டதும் தன் மனம் மாறிவிடுகிறது என்கிறான். செவி கேட்டது, கை அசையவில்லை. எச்சரிப்பதற்கு ஆள் இல்லாததால் அந்தக் குலம் அழியவில்லை. எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு வைகறையில் மறந்துவிட்டதால் அழிந்தது.

தவற்றைக் கண்டும் வாய் திறவாதிருப்பவர் சில வேளைகளில் 'செஞ்சோற்றுக் கடன்' என்ற பெரிய சொல்லின் பின்னே ஒதுங்குவதுண்டு. உப்பிட்டவரைக் காட்டிக் கொடுக்கலாகாது என்பர். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று சற்றே சிந்திக்க வேண்டும். ஊதியம் மேலாளரின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை. பொருளை நம்பி வாங்கும் வாடிக்கையாளர், சேமிப்பை நம்பிக் கொடுத்த முதலீட்டாளர், வரி செலுத்தும் குடிமகன் ஆகியோரே அந்தச் சோற்றை அளிப்பவர்கள். கடன் அவர்களுக்கே உரியது. செஞ்சோற்றுக் கடனுக்கு உதாரணமாகப் போற்றப்படும் கும்பகர்ணன்கூட, போர்க்களம் செல்லுமுன் அண்ணனின் தவற்றை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவன்தான். சொல்லாமல் சுமப்பதை அவன்கூட விசுவாசம் என்று கருதவில்லை.

வீட்டுக் கடனின் தவணையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் நெஞ்சை அழுத்தும் ஒரு குடும்பத்தலைவரை நோக்கி, 'ஜடாயுவைப் போல் இரு' என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. அவருடைய அச்சத்தை இகழ்வது தர்மமாகாது. எனவேதான் தலைமையின் கடமை இரட்டிப்பாகிறது. தான் பொய் சொல்லாதிருந்தால் மட்டும் தலைவனுக்குப் போதாது. தன் கீழிருப்பவர் உண்மை சொல்வதற்கு வீரம் தேவைப்படாத நிலையையும் அவன் உண்டாக்க வேண்டும். சாதாரண மனிதர் சாதாரணமாக உண்மை பேசக்கூடிய இடமே தர்மம் நிலைபெற்ற இடம்.

அன்றாட சாதனை

இத்தகைய நேர்மை நெருக்கடி வரும் நாளில் திடீரெனத் தோன்றுவதில்லை. அதற்கு நித்திய அப்பியாசம் தேவை. கையொப்பமிடுமுன் ஆவணத்தை முழுவதும் படிப்பது ஒரு சாதனை. 'படிக்க நேரமில்லை, நம்பிக்கையில் போட்டேன்' என்பது பணிச்சுமையின் பெயரால் வரும் முதல் தளர்ச்சி. கெட்ட செய்தியை நல்ல செய்திக்கு முன்னால் சொல்வது இன்னொரு சாதனை. தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் அனுப்பும் பரிசைப் புன்னகையோடு திருப்பி அனுப்புவது மற்றொன்று. பிறர் செய்த வேலைக்கு அவர் பெயரைச் சபையில் சொல்வதும், தம் தவற்றைத் தாமே முதலில் சொல்வதும் அகங்காரத்தைத் தேய்க்கும் உரைகற்கள். அலுவலகத் தொலைபேசி, வாகனம், நேரம் ஆகியவற்றைத் தமக்குரியதாக எண்ணாதிருப்பதும் அஸ்தேயம் என்னும் கள்ளாமை விரதத்தில் அடங்கும்.

தலைமையில் இருப்பவர்க்கு மேலும் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறையேனும், 'கேட்க நான் விரும்பாத எந்தச் செய்தி என்னிடம் வராமல் நின்றிருக்கிறது?' என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்க்கருத்து சொன்ன ஊழியரை அடுத்த பதவி உயர்வின்போது எப்படி நடத்தினோம் என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும். அறைக்கதவு திறந்திருக்கிறது என்ற அறிவிப்பு போதாது. உள்ளே வந்தவர் நலமாகத் திரும்பிச் சென்றாரா என்பதையே மற்றவர்கள் கவனித்துக்கொண்டிருப்பர்.

இரவில் உறங்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளை இறைவன் திருமுன் வைப்பது நம் முன்னோர் காட்டிய வழி. இன்று நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்றாக இருந்ததா? சொன்னது ஒன்று, செய்தது ஒன்றாக இருந்ததா? எங்கே கோடு வளைந்தது? வளைந்த இடத்தை மறைக்காமல் கண்டு, மறுநாள் காலையில் அதைச் சரிசெய்ய உறுதி பூண்டால், அதுவே உண்மையான பிராயச்சித்தம். தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். கண்காணிப்புக் கேமரா சுவரின் ஒரு மூலையை மட்டும் பார்க்கும். இதயத்தில் வீற்றிருக்கும் அந்தர்யாமியோ எண்ணம் எழுகின்ற கணத்திலேயே சாட்சியாக இருக்கிறான். அந்தச் சாட்சியை அஞ்ச வேண்டியதில்லை. அவனைத் துணையாகக் கொண்டவருக்கு, வேறு எவரையும் அஞ்ச வேண்டிய அவசியம் நாளுக்கு நாள் குறைகிறது.

பதவிகள் ஓய்வுபெறும் நாளில் முடிந்துவிடும். பெயர்ப் பலகை கழற்றப்படும். நாற்காலியில் வேறொருவர் அமர்வார். ஒருவர் இட்ட கையொப்பங்களின் விளைவு மட்டும், அவரை அறியாத மனிதர்களின் வாழ்வில் தொடர்ந்துகொண்டிருக்கும்: உறுதியாக நிற்கும் பாலமாக, கலப்படமற்ற மருந்தாக, ஏமாற்றப்படாத ஒரு முதியவரின் சேமிப்பாக. உள்ளமும் வாயும் கையும் ஒன்றாகி இடப்படும் அத்தகைய கையொப்பம் இறைவன் திருவடியில் இடப்படும் மலரே ஆகும்.